நசுங்காத எலுமிச்சம்பழங்கள்

சுங்கை ஊடாங்,
மலாக்கா,
9 ஜூன் 2025, திங்கள்

பெம்பான் முனியாண்டி கோயில் பூசாரி தங்கையா அவர்களுக்கு,

சனிக்கிழமை படகுத்துறை ஜெட்டியில் நான் கத்தியது உண்மை. நீங்களும் சும்மா இருக்கவில்லை. "எதுவா இருந்தாலும் எழுத்துல குடு! இருபது வருசம் தோட்டத்துல கணக்கெழுதுற கிராணியா இருந்தவன் நான். வாய்ப்பேச்சு எங்கிட்ட செல்லாது" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். போன கையோடு என் போன் நம்பரையும் அடைத்துவிட்டீர்கள். சரி, எழுத்திலேயே தருகிறேன். நம் இருவருக்கும் தெரிந்த, கேஸ் சிலிண்டர் லோரி ஓட்டும் காளிதாஸ் அண்ணன் வாரம் மூன்று தடவை இரண்டு பக்கமும் வருவதால் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பூசைக்கு உங்களைக் கைகாட்டியவரும் அவர்தானே, சுமக்கட்டும்.

என் படகு 'தேவிஸ்ரீ'க்கு மே முப்பதாம் தேதி நீங்கள் பூசை போட்டீர்கள். அன்று வரை அது ஒழுங்கான படகு. வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, தண்ணீர் எல்லாம் ஒரு முனகல் இல்லாமல் கொண்டுபோய்க் கொடுத்தது. பூசைக்குப் பிறகு நடப்பதைக் கீழே எழுதுகிறேன்.

கப்பல் பாதையைக் காட்டக் கடலில் சிவப்பு மிதவையும் பச்சை மிதவையும் போட்டிருப்பார்கள். சிவப்பு மிதவைக்குப் பக்கத்தில் போனதும் இன்ஜின் நின்றுவிடுகிறது. எத்தனை முறை சாவியைத் திருப்பினாலும் உயிர் வருவதில்லை. போன செவ்வாய் நாற்பது நிமிடம் அப்படியே நின்றோம். கடைசியில் என் இன்ஜின்காரன் யுவனேஸ்வரன் தன் பச்சை மழைக்கோட்டைக் கழற்றி மிதவைமேல் போர்த்தினான். அடுத்த நொடி இன்ஜின் தானாகக் கிளம்பிவிட்டது. கப்பல் மேல்தட்டிலிருந்து சமையல்காரர்கள் கைதட்டினார்கள்.

பின்னால் எடுத்தால் 'தீத், தீத்' என்று சத்தம் வருகிறது. அப்படி ஒரு சாமானே என் படகில் கிடையாது. யுவனேஸ்வரன் பலகையெல்லாம் பெயர்த்துத் தேடிவிட்டான்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். இன்ஜின் சூடாவதைத்தான் அப்படி விட முடியவில்லை. கடல் தண்ணீரை இழுத்துத்தான் அது தன்னைக் குளிர வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது உப்புத் தண்ணீரை வாயில் வைக்க மாட்டேன் என்கிறது. பம்ப்பு நன்றாக இருக்கிறது, குழாயில் அடைப்பு இல்லை. கப்பலுக்குக் கொண்டுபோன குடிதண்ணீரை ஊற்றினால் மட்டும் மடக் மடக்கென்று குடிக்கிறது.

இந்த மாதம் இருபத்து நான்காம் தேதி கடல் இலாகா அதிகாரி வருகிறார். அவர் கண்முன்னால் படகைக் கடலில் ஓட்டிக் காட்ட வேண்டும். தேறினால் கப்பல் ஆட்களை ஏற்றி இறக்கும் லைசென்ஸ். தேறாவிட்டால் படகைக் கரையில் ஏற்றிவிட்டு நான் பழையபடி அடுத்தவர் படகில் மூட்டை அடுக்கப் போக வேண்டியதுதான்.

நீங்கள் செய்ததை நீங்களே எடுங்கள்.

நளினி

பெம்பான்,
11 ஜூன் 2025

பொருள்: 'தேவிஸ்ரீ' படகு தொடர்பான புகார்

திருமதி நளினி அவர்களுக்கு,

தங்கள் 9ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். அதில் எட்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. சிவப்பு மையில் திருத்தி வைத்திருக்கிறேன், கேட்டால் தருவேன்.

என் பூசையைப் பற்றித் தங்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. ஜாசின் வட்டாரத்தில் ஓடும் லோரிகளில் பாதி என் கையால் பொட்டு வைத்துக்கொண்டவை. பள்ளிக்கூட பஸ், மண்வாரி, கொசு மருந்து அடிக்கும் வண்டி வரை முனியாண்டி முன்னால் நிறுத்தியிருக்கிறேன். ஒன்றுகூடப் புகாரோடு திரும்பி வந்ததில்லை. காளிதாஸையே கேளுங்கள். அவன் வண்டி பூசை போட்ட பதினோரு வருஷத்தில் பிரேக் டவுன் என்று நடுவழியில் நின்றது கிடையாது.

தங்கள் படகுக்கும் முறையில் ஒரு குறையும் வைக்கவில்லை. தேங்காய் சரிபாதியாக உடைந்தது. சூடம் கடற்காற்றிலும் அணையவில்லை. நான்கு டயருக்கும் கீழே, ஜெட்டி விளிம்பில், நான்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். அலை ஒரு தள்ளுத் தள்ளியதும் நான்கும் பொத்தென்று நசுங்கின. சாறு என் வேட்டியில் தெறித்தது, கறை இன்னும் போகவில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

கோளாறு இன்ஜினில். நல்ல மெக்கானிக்கைப் பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கையா

சுங்கை ஊடாங்,
13 ஜூன் 2025

பூசாரி அவர்களுக்கு,

டயர்! உங்கள் கடிதத்தில் அந்த வார்த்தையைப் பார்த்ததும் நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். பூசை அன்று நான் படகுக்குள்ளே சுக்கானுக்கு முன்னால் கும்பிட்டபடி நின்றேன். வெளியே ஜெட்டியில் நீங்கள் எதை எங்கே வைத்தீர்கள் என்று பார்க்கவே இல்லை.

ஐயா, படகுக்கு ஏது டயர்? பக்கவாட்டில் தொங்குகிறதே நான்கு பழைய டயர், அது ஓடுவதற்கு இல்லை. ஜெட்டிச் சுவரில் மோதி மரம் உடையாமல் இருக்கக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டது. பழைய இரும்புக் கடையில் சும்மா வாங்கி வந்தேன். நீங்கள் அதைச் சக்கரம் என்று முனியாண்டிக்குக் காட்டி, எலுமிச்சம்பழத்தையும் நசுக்கி, 'இந்த வண்டி நல்லபடி ஓடட்டும்' என்று வேண்டியிருக்கிறீர்கள். சாமி உங்கள் வாக்கை நம்பி அப்படியே ஆசீர்வாதம் செய்துவிட்டார்.

என் படகு தன்னை லோரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது!

இப்போது எல்லாம் சரியாகப் பொருந்துகிறது. சிவப்பைக் கண்டால் ஏன் நிற்கிறது, பின்னால் எடுத்தால் ஏன் கத்துகிறது, எந்த லோரி உப்புத் தண்ணீர் குடித்தது? நேற்று இன்னும் ஒரு கூத்து. தண்ணீர் ஏறியிருந்த நேரம் பார்த்து, படகை இறக்கும் சரிவில் தானாக மூக்கைத் திருப்பிப் பாதி ஏறிவிட்டது. மேலே ரோடு இருக்கிறதல்லவா, அங்கே போக ஆசை. புரொப்பல்லர் காற்றில் சுற்ற, நாசி லெமாக் சோறு விற்கும் அக்கா அகப்பையோடு ஓடினார். ஜெட்டியில் எல்லாரும் என்னைப் பார்த்து, "நளினி, ரோட் டேக்ஸ் எடுத்தாச்சா லா?" என்று கேட்கிறார்கள்.

தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. இனி அதைச் சரி செய்வது உங்கள் பொறுப்பு. எட்டுப் பிழைகளையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நளினி

பெம்பான்,
16 ஜூன் 2025

பொருள்: மேற்படி

நளினி அவர்களுக்கு,

காளிதாஸ் இந்தக் கதையைப் பெம்பான் முழுவதும் பரப்பிவிட்டான். காப்பிக் கடையில் நான் உட்கார்ந்ததும் ஒருவன் 'தீத், தீத்' என்று கத்துகிறான். முப்பது வருஷமாகச் சம்பாதித்த பெயர் ஒரே வாரத்தில் போகிறது.

நடந்திருக்கக்கூடும் என்று ஒப்புக்கொள்கிறேன். தவறு என்று சொல்லவில்லை, நடந்திருக்கக்கூடும் என்கிறேன்.

பரிகாரம் சுலபமானது. தங்களால் முடியும். நான் வரத் தேவையில்லை. நான்கு டயர்களையும் கழற்றிவிடுங்கள். டயர் இல்லாத வண்டி தன்னை வண்டி என்று எப்படி நினைக்கும்? இத்துடன் விபூதிப் பொட்டலம் ஒன்று வைத்திருக்கிறேன். இன்ஜினில் பூசவும்.

தங்கையா

சுங்கை ஊடாங்,
18 ஜூன் 2025

பூசாரி அவர்களுக்கு,

கழற்றினேன். விபூதியும் பூசினேன்.

டயர் இல்லாத வண்டி தன்னை வண்டி என்று எப்படி நினைக்கும் என்று கேட்டீர்கள். டயர் கழற்றிய லோரி என்று நினைக்கிறது! ஒரு அலைகூட இல்லாத தண்ணீரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுகொண்டு, சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம்கூட இல்லை. யுவனேஸ்வரன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, ஜேக்கு போட்டு நிறுத்துன லோரி மாதிரியே நிக்குதுக்கா. டயர மாட்டாம இது அசையாது" என்றான். மாட்டினோம். நிமிர்ந்து, ஹாரனும் அடித்தது.

அன்றைக்குச் சுமை ஏற்ற முடியவில்லை. கப்பலுக்குப் போக வேண்டிய கீரை எல்லாம் வாடிப்போய் ஜெட்டியிலேயே கிடந்தது. வேறு படகு பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். அதிகாரி வர இன்னும் ஆறே நாள்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காமல் பதில் சொல்லுங்கள். பூசை அன்று நான் மூன்று முறை, "உள்ள வாங்க, இன்ஜின் இங்க இருக்கு" என்று கூப்பிட்டேன். நீங்கள் ஜெட்டியிலேயே நின்றீர்கள். தேங்காய், சூடம், மந்திரம் எல்லாம் கரையில் நின்றபடி. சுக்கானைப் பார்க்கவில்லை, இன்ஜினைப் பார்க்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் டயர்தான் தெரியும். நீங்கள் பார்த்ததைத்தானே சாமியும் பார்த்திருப்பார்?

படகில் ஏறுங்கள். தண்ணீருக்கு நடுவில் நின்று, இது படகு என்று முனியாண்டியிடம் நீங்களே சொல்லுங்கள். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. 24ஆம் தேதி காலை எட்டு மணிக்கு வாருங்கள்.

நளினி

பெம்பான்,
20 ஜூன் 2025

பொருள்: வர இயலாமை குறித்து

நளினி அவர்களுக்கு,

24ஆம் தேதி எனக்கு வேறு வேலைகள் உள்ளன. முதலாவது, டுரியான் துங்காலில் ஒரு வேன் பூசை. இரண்டாவது, என் முழங்கால் வலி. மூன்றாவது, பூசாரி வாகனத்தில் ஏறக்கூடாது, வாகனம்தான் பூசாரியிடம் வர வேண்டும். இது முறை.

இன்ஜினைப் படம் எடுத்து அனுப்பினால் இங்கிருந்தே மந்திரம் சொல்கிறேன்.

தங்கையா

*இந்தக் கடிதத்தின் அடியில் வேறு கையெழுத்தில்:*

நளினி, நான் அவர் சம்சாரம் முனியாயி எழுதுகிறேன். காகிதத்தை மடிக்கச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். வேன் பூசை சனிக்கிழமைதான். முழங்கால் நன்றாக இருக்கிறது, நேற்றுக்கூட ரம்புத்தான் மரத்தில் ஏறினார். முறை கிறை ஒன்றும் கிடையாது, எல்லா லோரியிலும் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்துத்தான் இறங்குவார். அவருக்குத் தண்ணீர் என்றால் பயம். கல்யாணமான புதிதில் டுரியான் துங்கால் அணைக்கட்டில் மீன் பிடிக்கப் போய், தெப்பத்திலிருந்து விழுந்துவிட்டார். தலைமுடியைப் பிடித்துத்தான் இழுத்துப் போட்டார்கள். அதிலிருந்து மலாக்கா ஆற்றுப் பாலத்தைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் தாண்டுவார். நான் சொன்னேன் என்று சொல்லாதே.

சுங்கை ஊடாங்,
20 ஜூன் 2025, மாலை

தங்கையா அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் மதியம் கிடைத்தது. முழங்கால் வலிக்கு வருந்துகிறேன்.

எழுத்தில் கொடுக்கச் சொன்னீர்கள். ஜெட்டியில் வாயால் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றையும் எழுத்தில் கொடுக்கிறேன். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் உங்களை "போலிச் சாமியார்" என்று சொல்லிவிட்டேன். தப்பு. போலியாக இருந்தால் என் படகு இந்நேரம் படகாகவே இருந்திருக்கும். உங்கள் வாக்கு பலித்ததால்தான் இவ்வளவு அவதி. அன்றிலிருந்து எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்றும் சொல்லிவிடுகிறேன். பத்து வருஷம் இந்த ஜெட்டியில் மற்றவர்கள் படகுக்குச் சுமை அடுக்கினேன். சுக்கான் பிடிக்கும் பரீட்சைக்குப் போனபோது மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. சுக்கானை அவ்வளவு அழுத்திப் பிடித்தேன், அதிகாரி, "அக்கா, திருப்பணும்னா கொஞ்சம் விடணும் லா" என்றார். பயத்தோடுதான் பாஸ் ஆனேன். பயம் போன பிறகு போகலாம் என்று இருந்திருந்தால் இன்னும் மூட்டைதான் அடுக்கிக்கொண்டிருப்பேன்.

யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன்.

படகில் பதினான்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறது. வேண்டுமானால் பதினான்கையும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் பரவாயில்லை. சாமிக்குக் கண் திறந்திருந்தால் போதும்.

எனக்கு இந்தப் படகு வேண்டும் அண்ணே. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நளினி

பெம்பான்,
23 ஜூன் 2025

தங்கச்சி நளினிக்கு,

முனியாயி இரண்டு நாளாக என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள். அவள் எழுதியது எனக்குத் தெரியும். இருபது வருஷம் கிராணி வேலை பார்த்தவனுக்கு மடிப்பு கலைந்த காகிதம் தெரியாதா? நான் பிரித்துப் பார்த்தேன். திரும்ப மடித்து நானேதான் காளிதாஸிடம் கொடுத்தேன்.

என் வாயால் சொல்ல வரவில்லை. அவள் எழுதியது எழுதியபடியே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

லோரிக்குப் பழத்தை டயருக்குக் கீழே வைக்கிறோம், வண்டி அதன்மேல் ஏறிப் போகிறது. அப்படியென்றால் படகுக்குப் பழத்தைத் தண்ணீரில்தான் போட வேண்டும், படகு அதன்மேல் போக வேண்டும். இதை முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். என் கண் டயரை விட்டு நகரவில்லை, ஏனென்றால் டயருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் இருந்தது.

எட்டு மணிக்கு வருகிறேன். கயிற்றை நான் சொல்லும்வரை அவிழ்க்காதே.

தங்கையா

சுங்கை ஊடாங்,
25 ஜூன் 2025

தங்கையா அண்ணனுக்கு,

நேற்று எல்லாம் உங்கள் எதிரில்தான் நடந்தது. ஆனால் ஜெட்டியை விட்டதிலிருந்து திரும்பும்வரை நீங்கள் கண்ணைத் திறக்கவே இல்லை. அதனால் நீங்கள் பார்க்காததை எழுதுகிறேன்.

வேட்டிக்கு மேல் இரண்டு லைஃப் ஜாக்கெட்டோடு கம்பத்தைக் கட்டிப்பிடித்து நின்ற உங்களைக் காட்டி அதிகாரி, "இது யாரு?" என்று கேட்டார். "இன்ஜின் டோக்டர்" என்றேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார்.

புறப்பட்டது நன்றாகத்தான் இருந்தது. பச்சை மிதவையைச் சீறிக்கொண்டு தாண்டினோம். ஆனால் சூட்டைக் காட்டும் முள் ஏறிக்கொண்டே போனது. யுவனேஸ்வரன் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். சிவப்பு மிதவை வந்தது. இன்ஜின் நின்றது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பத்து நிமிஷம் தர்றேன்" என்றார். பச்சை மழைக்கோட்டை எடுக்க யுவனேஸ்வரன் எழுந்தான். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அதிகாரியை ஏமாற்றி வாங்கிய லைசென்ஸில் நாளைக்கு ஆளை ஏற்ற முடியுமா?

அந்தப் பத்து நிமிடத்தில் ஏழு நிமிடம் நீங்கள் கம்பத்தை விடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

பிறகு விட்டீர்கள். கண்ணை மூடியபடியே தடவித் தடவி முன்பக்கம் போனீர்கள். நீங்கள் சொன்னது உங்களுக்கே நினைவிருக்குமோ என்னவோ, எனக்கு ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. "முனியாண்டி, நான் பயந்துக்கிட்டுக் கரையில நின்னேன். நின்ன எடத்துலேர்ந்து தப்பாக் காட்டிட்டேன். இது லோரி இல்லப்பா. படகு. இதோ, நானே ஏறி நிக்கிறேன், பாத்துக்க." பிறகு பையிலிருந்து பழங்களை எடுத்தீர்கள்.

நான்கு பழத்தில் ஒன்று உங்கள் பிடியிலேயே நசுங்கிப்போயிருந்தது. முனியாயி அக்கா பையில் ஐந்தாவதை ஏன் வைத்தார் என்று அப்போதுதான் புரிந்தது. நான்கையும் முன்னால் தண்ணீரில் போட்டீர்கள். நான் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் ஒரு முறை இருமியது. பிடித்துக்கொண்டது. படகு மெதுவாக, கால் வைத்துப் பார்ப்பதுபோல, பழங்கள்மேல் போனது.

அண்ணே, இதைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் எல்லாரும் பின்பக்கம் திரும்பிப் பார்த்தோம், அதிகாரி உட்பட. நுரைக்கு நடுவில் ஒவ்வொன்றாக மேலே வந்தன. நான்கு பழம். ஒன்றுகூட நசுங்கவில்லை. முழுசாக, மஞ்சளாக, மிதந்து ஆடிக்கொண்டிருந்தன. லோரியாக இருந்தால் நசுக்கியிருக்கும். படகு தாண்டித்தான் போகும்.

அது படகுக்கும் புரிந்துவிட்டது. பக்கத்துக் குழாய் இரண்டு தடவை கொப்பளித்து, உப்புத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது. யுவனேஸ்வரன், "குடிச்சிருச்சுக்கா! குடிச்சிருச்சு!" என்று கத்தினானே, அது இதற்குத்தான். யாரோ தண்ணீரில் விழுந்து குடித்துவிட்டதாக உங்களைப் பயமுறுத்தியதற்கு மன்னிக்கவும். முள் இறங்கியது. சிவப்பு மிதவையைத் தாண்டிப் போய்ச் சுற்றி வந்தோம், ஒரு தடவைகூட நிற்கவில்லை. 

படிவத்தில் குறிப்பு என்ற இடத்தில் அதிகாரி நெடுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு 'சிறு சரிசெய்தலுக்குப் பின் நன்றாக இயங்கியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இன்று காலை லைசென்ஸ் வந்துவிட்டது. கண்ணாடி போட்டுச் சுக்கானுக்கு மேலே மாட்டியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் மிச்சம். பின்னால் எடுத்தால் இன்னும் 'தீத், தீத்' என்கிறது. அதை எடுத்துவிடாதீர்கள். பின்னால் நிற்கும் சின்னச் சாம்பான் படகுக்காரர்கள் அந்தச் சத்தத்துக்கு ஒதுங்கிப் பழகிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முனியாயி அக்காவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு ஒரு சுற்று.

உங்கள் தங்கச்சி
நளினி

29 ஜூன் 2025, ஞாயிறு

பொருள்: ஒப்புதல்

தங்கச்சி நளினிக்கு,

ஐந்து அடி தள்ளி நிற்கிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று முனியாயி கேட்கிறாள். வாய்ப்பேச்சு செல்லாது என்று சொன்னவன் நான்தான். அதனால் எழுத்திலேயே கொடுக்கிறேன்: மே முப்பதாம் தேதி நான் செய்தது தவறு. 'நடந்திருக்கக்கூடும்' என்று 16ஆம் தேதி எழுதியதை ரத்து செய்கிறேன்.

நேற்று கோயில் வாசலில் புதுப் பலகை மாட்டினேன். 'வாகனங்களுக்கும் படகுகளுக்கும் பூசை செய்யப்படும். படகுகளுக்கு ஏறிச் செய்யப்படும்.' காளிதாஸ் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டான். காப்பிக் கடையில் இன்னும் 'தீத், தீத்' என்கிறார்கள். இப்போது நானும் திருப்பிச் சொல்கிறேன்.

உன் நம்பரைப் போனில் திறந்துவிட்டேன். இனி எழுத வேண்டியதில்லை. எழுதினால் பிழை இல்லாமல் எழுது, போன கடிதத்தில் ஐந்து.

என் எழுத்து கோணலாக இருப்பதற்குக் காரணம் என் கை இல்லை, படகு ஆடுகிறது. யுவனேஸ்வரன் கயிற்றுப் பக்கம் போகிறான். நான் இன்னும் சொல்லவில்லை. முனியாயி என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்குப் பயமாம், எனக்கு இல்லையாம்.

சரி. அவிழ்க்கச் சொல்.

'தீத், தீத்' கேட்கிறது. ஜெட்டி தள்ளிப் போகிறது. சுற்றிலும் தண்ணீர், பச்சையாக, இவ்வளவு பக்கத்தில். இதை நான் கண்ணைத் திறந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

அண்ணன்
தங்கையா